மலையோடு பேசாத முயல்

சில ஆண்டுகளுக்கு முன்பு கோலாலம்பூரில் வார இறுதிகளில் நடந்த துருக்கி மொழி வகுப்பு ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஓர்ஹான் பாமுக்கை மூலத்தில் வாசிக்கப் போகிறேன் என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது துருக்கித் தொடர்களைப் பார்த்துப் பார்த்து வந்த ஆசை. எட்டு மாதத்தில் வகுப்பை விட்டுவிட்டேன். பாமுக்கின் ஒரு பக்கத்தை அகராதி இல்லாமல் வாசிக்க இன்றுவரை என்னால் முடியாது. ஆனால் சொல்லிக்கொடுத்த ஆசிரியை தோழியாகிவிட்டார். ஆசிரியரை அங்கே அழைப்பதுபோல 'ஹோஜாம்' என்று அழைத்துப் பழகியதால் இன்றும் அவர் எனக்கு ஹோஜாம்தான். அவர் என்னை 'நீ' என்பார். நான் 'நீங்கள்' என்பேன். துருக்கியிலும் இந்த இரண்டும் தனித்தனிச் சொற்கள் என்பதால் எங்களுக்குள் குழப்பமில்லை.

வகுப்பை விட்ட பிறகு மூன்று வாரம் அவருடைய எந்தச் செய்திக்கும் நான் பதில் போடவில்லை. சோம்பல்தான், கூடவே கொஞ்சம் குற்றவுணர்ச்சி. ஒருநாள் இரவு மூன்றே சொல்லில் ஒரு செய்தி வந்தது. "பனா கூஸ்தூன் மூ?" கைப்பேசியிலிருந்த மொழிபெயர்ப்புச் செயலி அதை ஆங்கிலத்தில் 'நான் உன்னைப் புண்படுத்திவிட்டேனா' என்கிற மாதிரி காட்டியது. நானும் அதற்கேற்ப, அப்படியெல்லாம் இல்லை, நீங்கள் தவறாக எதுவும் சொல்லவில்லை என்று மிக மரியாதையாக ஆங்கிலத்தில் எழுதிப் போட்டேன். உடனே அழைத்துவிட்டார். அவர் பேசியது ஆங்கிலத்தில். எனக்கு அது தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது. "நான் தப்பு பண்ணேனான்னு யாரு கேட்டா? நீ என்கூட கோவிச்சிக்கிட்டு பேசாம இருக்கியான்னு கேட்டேன்."

கூஸ்மெக். அவர் கேட்ட வினைச்சொல்லின் அகராதி வடிவம் அது. 'கூ' என்று நான் எழுதினாலும், 'கீ' என்று சொல்லத் தொடங்கி உதட்டைக் குவித்தால் வருகிற ஒலி. அன்றிலிருந்து இந்தச் சொல் என்னை விடவில்லை. துருக்கிக் கதைகளை ஆங்கிலத்தில் வாசிக்கும்போதெல்லாம், யாராவது யாரோடாவது பேசாமல் இருக்கிற இடம் வந்தால், இதற்குக் கீழே கூஸ்மெக் இருக்குமோ என்று சந்தேகப்படுகிறவனாகிவிட்டேன்.

இருமொழி அகராதிகள் இதற்கு முதலில் தருவது 'சல்க்' என்ற ஆங்கிலச் சொல்லை. கூடவே புண்படுவது, கோபித்துக்கொள்வது என்ற பொருளில் ஒன்றிரண்டு. எனக்கு 'சல்க்' மேல்தான் புகார். ஆங்கிலத்தில் யார் 'சல்க்' செய்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். குழந்தை செய்யும், பதின்ம வயதுப் பையன் செய்வான், தோற்றுப்போன அரசியல்வாதி செய்வான். எப்போதும் இன்னொருத்தர்தான். 'ஐ யேம் சல்க்கிங்' என்று தன்னைப் பற்றி முகத்தை நேராக வைத்துக்கொண்டு யாரும் சொல்வதில்லை. சொன்னால் பாதி வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று அர்த்தம். அது மேலே நின்று பார்க்கிறவன் கீழே இருக்கிறவனுக்குக் கொடுக்கிற தீர்ப்பு. கூஸ்மெக்கின் இயல்பான இடமோ தன்மை ஒருமை. "கூஸ்தூம்" என்றால் 'நான் உன்னோடு கோபித்துக்கொண்டேன், இனி பேசமாட்டேன்' என்று எதிராளியின் முகத்துக்கு நேரே செய்கிற அறிவிப்பு. சொல்கிறவருக்கு அதில் வெட்கம் ஒன்றுமில்லை. அறுபது வயது மனிதர் சொல்லலாம். அதை ஆங்கிலத்தில் 'சல்க்' ஆக்கினால் அந்த அறுபது வயதுக்காரருக்கு அரைக்கால் சட்டை மாட்டிவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது.

'சல்க்'குக்கு உண்மையில் நெருக்கமான துருக்கிச் சொல் வேறொன்று இருக்கிறது: சொமுர்த்மாக். முகத்தை உம்மென்று வைத்துக்கொள்வது. 'சுராத் அஸ்மாக்' என்றும் சொல்வார்கள், முகத்தைத் தொங்கவிடுவது. (நாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறோம், அவர்கள் தொங்கவிடுகிறார்கள். கோபம் ஒன்றுதான்.) இவை முகத்தில் நடக்கிறவை. கூஸ்மெக்குக்கு முகம் தேவையில்லை. சிரித்த முகத்தோடு, ஊரில் எல்லாரிடமும் கலகலப்பாகப் பேசிக்கொண்டே ஒருவரோடு மட்டும் கூஸ் ஆக இருக்க முடியும்.

மனத்தாங்கலுக்குத் துருக்கி மொழியில் பஞ்சமே இல்லை. கிஸ்மாக் என்றால் கோபப்படுவது, இரும்பு சூடேறுவதற்கும் அதே சொல்தான். கிரில்மாக் என்றால் உடைவது, அதாவது மனம் உடைவது. அலின்மாக், 'எடு' என்ற வினையிலிருந்து வந்தது. யாரோ பொதுவாகச் சொன்னதைத் தனக்கென்று எடுத்துக்கொள்வது. கூஜென்மெக், தாரில்மாக் என்று இன்னும் இருக்கின்றன. இவற்றில் பலவும் மனதுக்குள் நடந்து, வெளியே தெரியாமல் மனதுக்குள்ளேயே முடிந்துவிடலாம். கூஸ்மெக்கில் உறவின் நிலையே மாறிவிடும். அதற்கு முன் நாம் பேசிக்கொண்டிருந்தோம், இப்போது பேசுவதில்லை.

இங்கே காலத்தைக் கவனிக்க வேண்டும். 'கூஸ்தூம்' இலக்கணப்படி இறந்தகாலம். ஆனால் பொருள் முடிந்துபோனதல்ல. கதவைச் சாத்தினேன் என்றால் கதவு இப்போது சாத்தியிருக்கிறது என்பதுபோல. குழந்தைகள் விளையாட்டில் சண்டை வந்தால் "கூஸ்தூம், ஒய்னாமியோரும்" என்பார்கள். முதல் வினை இறந்தகாலம், இரண்டாவது நிகழ்காலம்: கோவிச்சிக்கிட்டேன், விளையாடல. நம் 'கோவிச்சிக்கிட்டேன்' இதை அப்படியே தாங்குகிறது. அந்தக் 'கொள்' என்ற துணைவினை சாதாரணமானதல்ல. 'கோபித்தான்' என்றால் எரிந்து விழுந்தான், முடிந்தது. 'கோபித்துக்கொண்டான்' என்றால் கோபத்தைத் தனக்குள் எடுத்து வைத்துக்கொண்டான், இன்னும் வைத்திருக்கிறான். ஆங்கிலத்தில் இறந்தகாலத்தில் எழுதினால் நேற்று முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன், இன்று சரியாகிவிட்டேன் என்று ஆகிவிடும். நிகழ்காலத்தில் எழுதினால் அறிவிப்பின் வேகம் போய்விடும்.

தொட்டாற்சிணுங்கிக்குத் துருக்கியில் 'கூஸ்தூம் ஒத்து' என்று பெயர். ஒத்து என்றால் புல், செடி. அதாவது ஒரு முழு வாக்கியமே பெயராகியிருக்கிறது: 'கோவிச்சிக்கிட்டேன்' செடி. தொட்டதும் இலையை மூடிக்கொண்டு அது அப்படித்தான் சொல்கிறதாம். மலாய்க்காரர்கள் இதே செடியைச் 'செமாலு' என்கிறார்கள், வெட்கம். நாம் சிணுங்க வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் 'தொடாதே' என்று கட்டளை. தமிழில் குழந்தை, மலாயில் புதுப்பெண். துருக்கிச் செடி மட்டும் தன் வாயாலேயே பேசுகிறது. ஹோஜாம் வாடகை வீட்டின் பால்கனியில் இடம் மாற்றி வைத்த தொட்டிச்செடி ஒன்று வாடியபோதும் "செடி கூஸ் ஆயிடுச்சு" என்றுதான் சொன்னார். வாழ்க்கையோடு கூஸ் ஆகலாம், விதியோடு ஆகலாம். எதிரில் மனிதர் இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

சரி, 'சல்க்' வேண்டாம் என்றால் ஆங்கிலத்தில் வேறு என்ன செய்வது? 'ஃபால் அவுட்' என்று போடலாம். ஆனால் அதற்கு ஒரு சண்டை வேண்டும், இரண்டு பக்கமும் சம்பந்தப்பட வேண்டும். கூஸ்மெக் ஒருபக்கமாகவே நடக்கும். இரண்டு பேரும் செய்தால் அதற்குக் கூஸூஷ்மெக் என்று தனி வடிவமே உண்டு. 'நாட் ஸ்பீக்கிங் டு' பரவாயில்லை. ஆனால் அது பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துச் சொல்கிற விவரணை, உள்ளே இருக்கிற வலி அதில் இல்லை. 'சைலண்ட் ட்ரீட்மெண்ட்' இன்று மனநல ஆலோசகர்களின் சொல்லாகிவிட்டது, பேசாமல் இருப்பவரைக் குற்றவாளி ஆக்கிவிடும். நல்ல மொழிபெயர்ப்பாளர்கள் இடத்துக்கு இடம் மாற்றி மாற்றிப் போட்டுச் சமாளிப்பார்கள். வேறு வழியில்லை. ஆனால் அதனால் வாசகனுக்கு இழப்பு ஒன்று உண்டு. மூலத்தில் ஒரே வினை நான்கு இடத்தில் வந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். ஆங்கிலத்தில் அவை நான்கு வெவ்வேறு சம்பவங்களாகிவிடும்.

இதைப் பற்றி ஹோஜாமோடு பேசிக்கொண்டிருந்தபோதுதான் எனக்குத் தலையில் அடித்த மாதிரி ஒன்று தோன்றியது. நான் படித்த பள்ளியில் சண்டை வந்தால் "ஒங்கூட ஃப்ரெண்ட் இல்ல போ" என்போம். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் 'கா' விட்டு, அப்புறம் 'பழம்' விடுவார்கள். எங்கள் தெருவிலிருந்த மலாய்ப் பிள்ளைகள் "தா நா கவான்" என்பார்கள். எல்லாரும் கலந்து விளையாடும்போது நாங்கள் பேசிய ஆங்கிலத்தில் அது என்ன? "ஐ டோன்ட் ஃப்ரெண்ட் யூ ஆல்ரெடி." ஃபேஸ்புக் வருவதற்கு வெகுகாலம் முன்பே மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 'ஃப்ரெண்ட்' வினைச்சொல். தன்மையில் சொல்வது, முகத்துக்கு நேரே சொல்வது. அந்த 'ஆல்ரெடி' இருக்கிறதே, அது நிலை மாறிவிட்டது என்பதைச் சொல்லும். இங்கிலாந்துக்காரன் அதை 'ஏற்கெனவே' என்று புரிந்துகொண்டு குழம்புவான், நமக்கு அது வினைமுற்று. கூஸ்தூமுக்கு இதைவிட நல்ல ஆங்கிலம் இல்லை என்று சத்தியம் செய்வேன். ஹோஜாமிடம் சொன்னதும் அவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, "இதேதான்" என்றார்.

ஆக, 'ஆங்கிலத்தில் இதற்குச் சொல் இல்லை' என்பது முழு உண்மையல்ல. இலண்டனிலும் நியூயார்க்கிலும் அச்சாகிற ஆங்கிலத்தில் இல்லை. நம் ஆங்கிலம் ஒரு துருக்கி நாவலின் மொழிபெயர்ப்பில் வந்தால் பதிப்பாசிரியர் சிவப்பு மையால் அடித்துவிடுவார். அறுபது வயதுக்காரர் வாயில் அதை வைக்கவும் முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன், நமக்கே அது சிறுபிள்ளைப் பேச்சுதான். அரைக்கால் சட்டைப் பிரச்சினை இங்கும் திரும்பி வருகிறது.

பாமுக்கின் 'இஸ்தான்புல்' நினைவிருக்கலாம். அதில் 'ஹுஸுன்' என்ற சொல்லுக்கு ஒரு தனி அத்தியாயமே உண்டு, நகரம் முழுவதும் சேர்ந்து சுமக்கிற துயரம். மொரீன் ஃப்ரீலியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் அது ஹுஸுன் ஆகவே இருக்கிறது. இன்று துருக்கி தெரியாத இலக்கிய வாசகர்கள்கூட அந்தச் சொல்லைச் சொல்கிறார்கள். பெயர்ச்சொல்லுக்கு விசா சுலபமாகக் கிடைக்கிறது. சாய்வெழுத்தில் போட்டு ஒரு பத்தி விளக்கம் கொடுத்தால் உள்ளே வந்துவிடும். வினைச்சொல்லுக்கு அந்த வசதி இல்லை. அது வந்தால் வேலை செய்தாக வேண்டும், காலமும் இடமும் எண்ணும் ஏற்று ஒவ்வொரு வாக்கியத்திலும் ஓட வேண்டும். அதனால் துருக்கியர்களின் சோகம் உலகப் புகழ் பெற்றுவிட்டது, அவர்கள் ஒருவரோடொருவர் எப்படிக் கோபித்துக்கொள்கிறார்கள் என்பது வெளியே தெரியவில்லை. இரண்டில் எது அன்றாட வாழ்க்கைக்கு நெருக்கமானது என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

துருக்கிப் பழமொழி ஒன்று: "தவ்ஷான் தாஆ கூஸ்மூஷ், தாஅன் ஹபெரி ஒல்மாமிஷ்." முயல் மலையோடு கோவிச்சிக்கிச்சாம், மலைக்குத் தகவலே தெரியாதாம். இதில் 'கூஸ்மூஷ்' என்பதன் கடைசியில் இருக்கிற 'மூஷ்', ஒல்மாமிஷ்ஷில் இருக்கிற 'மிஷ்' இரண்டும் ஒரே விகுதி. உயிரொலிக்கு ஏற்ப மாறியிருக்கிறது. நான் கண்ணால் பார்க்கவில்லை, கேள்விப்பட்டேன் அல்லது ஊகிக்கிறேன் என்பதை வினையிலேயே ஒட்டிவிடும் விகுதி. ஆங்கிலத்தில் இதற்காகத் 'தே ஸே' என்று தனியாக ஒரு வாலைக் கட்ட வேண்டும். பெரும்பாலும் கட்டாமலே விட்டுவிடுவார்கள். தமிழில் எனக்கு ஒரு நொடிகூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை. 'ஆம்' வந்து உட்கார்ந்துகொண்டது.

என் புகார் இங்கேதான் தொடங்குகிறது. துருக்கி இலக்கியத்தில் நான் தமிழில் வாசித்ததெல்லாம் ஆங்கிலம் வழியாக வந்தது. ஜி. குப்புசாமியின் 'என் பெயர் சிவப்பு' எனக்கு மிகப் பிடித்த மொழிபெயர்ப்புகளில் ஒன்று, அதுவும் அப்படித்தான். மொழிபெயர்ப்பாளர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆங்கிலத்தில் இருப்பதைத்தான் அவர்கள் தர முடியும். ஆங்கிலத்தில் 'ஹி சல்க்ட்' என்று இருந்தால் தமிழில் 'அவன் உம்மென்று இருந்தான்' என்று வரும். ஆங்கிலத்துக்கு மிகவும் நேர்மையான தமிழ் அது. மூலத்திலோ கூஸ்தூ, கோவிச்சிக்கிட்டான். இந்த முனையில் சொல் இருக்கிறது, அந்த முனையிலும் இருக்கிறது, நடுவில் உள்ள வீட்டில் இல்லாததால் இரண்டு பக்கமும் இல்லாமல் போகிறது. மிஷ்ஷுக்கும் ஆமுக்கும் நடப்பதும் இதுதான். துருக்கிக்காரர் வதந்தியாகச் சொன்னதை ஆங்கிலம் செய்தியாக்குகிறது, நாம் அதைச் செய்தியாகவே வாங்கிக்கொள்கிறோம்.

தமிழில் எல்லாம் இருக்கிறது என்று மார்தட்டவும் நான் தயாரில்லை. உடனே 'ஊடல்' என்று எடுத்துக்கொண்டு வருவார்கள். திருக்குறளின் கடைசி மூன்று அதிகாரங்களும் அதைப் பற்றியவைதான், மறுக்கவில்லை. ஆனால் ஊடல் காதலர்களுக்கு உரியது. பக்கத்து வீட்டுக்காரரோடு ஊட முடியாது. 'கோவிச்சிக்கிறது' நாலு நாள் தாங்கும், அதற்கு மேல் இழுத்தால் நாம் 'பேச்சுவார்த்தை இல்ல' என்று மாறிவிடுகிறோம். மலாயின் 'மெராஜுக்' அழகான சொல், யாராவது வந்து 'பூஜுக்' பண்ணித் தேற்றுவார்கள் என்ற நம்பிக்கையோடு செய்வது. ஆனால் என் காதுக்கு அது இரண்டு நாள் விஷயம். கூஸ்மெக் குழந்தைக்கும் ஆகிறது, இருபது வருஷப் பகைக்கும் ஆகிறது.

பகை என்று எழுதிவிட்டேன், தவறு. என் அம்மாவுக்கும் சின்ன மாமாவுக்கும் ஒன்பது வருஷமாகப் பேச்சு இல்லை. மாமா மகள் கல்யாணப் பத்திரிகையில் எங்கள் பெயர் விட்டுப்போன விவகாரம். அச்சகத்தில் விட்டுப்போனதா, மாமாவே விட்டாரா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு தீபாவளிக்கும் அம்மா ஒரு பழைய மைலோ டின் நிறைய முறுக்கை என்னிடம் கொடுப்பார். "சுங்கைப் பட்டாணி போற வழிதானே, குடுத்துட்டு வந்துடு. நான் குடுத்தேன்னு சொல்லாத." மாமா டின்னைத் திறந்து பார்ப்பார். யார் சுட்ட முறுக்கு என்று கேட்கமாட்டார். "வெறும் டின்ன திருப்பிக் குடுக்கக் கூடாதுடா" என்று நெய் உருண்டையைப் போட்டு நிரப்பி, "உனக்குத்தான், உங்கம்மாகிட்ட எல்லாம் சொல்லாத" என்பார். அம்மா அந்த நெய் உருண்டையைச் சாப்பிடுவதை நான் பார்த்திருக்கிறேன். ஹோஜாமிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "இதுதான் கூஸ். வேணாம்னு நினைக்கிறவங்ககூட யாரு கூஸ் ஆவாங்க?" என்றார். அவர்கள் ஊரில் பெருநாளைக்குக் கூஸ் ஆனவர்கள் சமாதானம் ஆகிவிட வேண்டும் என்பது வழக்கமாம். மூன்று நாளுக்கு மேல் சகோதரனோடு பேசாமல் இருக்கக் கூடாது என்ற நபிமொழியையும் சொன்னார். சமாதானமாவதற்குச் சொல் பாரிஷ்மாக். நாடுகள் செய்துகொள்கிற சமாதானத்துக்கும் 'பாரிஷ்'தான், தோல்ஸ்தோயின் 'போரும் அமைதியும்' துருக்கியில் 'சவாஷ் வே பாரிஷ்'.

சபஹத்தின் அலியின் 'கம்பளிக் கோட்டு மடோன்னா'வை நான் இரண்டாம் முறை வாசித்தது இந்த முறுக்கு உரையாடலுக்குப் பிறகுதான். 1943இல் புத்தகமாக வந்த நாவல். ஆங்கிலத்துக்கு மொரீன் ஃப்ரீலியும் அலெக்சாண்டர் டாவும் கொண்டுவந்தது 2016இல். (தலைப்பில் இருப்பது மிருகத்தோல் ரோமக் கோட்டு. நம் ஊரில் அதற்கு ஏது பெயர், கம்பளி என்றே இருக்கட்டும்.) அங்காராவில் ஒரு அலுவலகத்தில் ஜெர்மன் மொழிபெயர்ப்பாளராக இருக்கும் ராயிஃப் எஃபெந்தி, வீட்டிலும் வெளியிலும் யாரும் பொருட்படுத்தாத மனிதர். இளமையில் பெர்லினில் மரியா புடர் என்ற ஓவியரைக் காதலித்தவர். அப்பா இறந்ததால் ஊர் திரும்புகிறார். கடிதங்கள் வருகின்றன, பிறகு நின்றுவிடுகின்றன. அவள் தன்னைக் கைவிட்டுவிட்டாள் என்று முடிவு செய்து வாயை மூடிக்கொண்டுவிடுகிறார். பத்து ஆண்டுகள் கழித்துத் தெரிகிறது, அவள் குழந்தை பெற்ற கையோடு இறந்துபோயிருக்கிறாள்.

ஆங்கிலத்தில் முதல் முறை வாசித்தபோது எனக்கு ராயிஃப் மேல் எரிச்சல்தான் வந்தது. என்ன மனுஷன் இவன், ஒரு ரயிலைப் பிடித்துப் போய்ப் பார்க்க வேண்டியதுதானே என்று. கோழை, மந்தம் என்றெல்லாம் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். கூஸ்மெக் தெரிந்த பிறகு வாசித்தால் ஆள் மாறிவிடுகிறார். அவர் பத்து வருஷமாக அவளோடு கோபித்துக்கொண்டிருக்கிறார். கூஸ் ஆனவர் ரயிலேறிப் போகமாட்டார். எதிராளிதான் வர வேண்டும், அதுதான் அந்த வினையின் விதி. கூஸ் ஆக இருக்கிறவரை உறவு முடியவில்லை என்றும் அர்த்தம். அவர் பேசாமல் இருந்ததெல்லாம் காத்திருந்ததுதான், இறந்துபோன ஒருத்தி வந்து தன்னைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று. மலைக்குத் தகவல் தெரியாதது மட்டுமில்லை, மலையே அங்கே இல்லை. மூலத்தில் அந்த இடங்களில் எந்த வினை வருகிறது என்பதை வைத்து நான் இதைச் சொல்லவில்லை. ஒரு மொழி தன் மனிதர்களுக்கு என்னென்ன செய்யக் கற்றுக்கொடுத்து வைத்திருக்கிறது என்பதை வைத்துச் சொல்கிறேன். மரியாவின் தலைமுடியையும் ஓவியத்தையும் பற்றி எழுதுகிற விமர்சனங்கள் எனக்கு அலுத்துவிட்டன. இந்த நாவலின் மையம் அவர் பேசாமல் இருந்த பத்து வருஷம்தான்.

பென்சில் குறிப்புகளை அழித்துவிட்டேன். இந்த நாவலின் சில பக்கங்களை எங்கள் வாசிப்பு வட்டத்துக்காகத் தமிழில் செய்துகொண்டிருக்கிறேன், ஆங்கிலத்திலிருந்துதான். சந்தேகம் வரும் இடங்களில் ஹோஜாமுக்கு அழைத்து மூலத்தை வாசிக்கச் சொல்கிறேன். 'கூஸ்மெக்'கைச் சமாளித்துவிடுவேன். அதிலிருந்து பிறக்கிற 'கூஸ்கூன்' என்ற பெயரடைதான் இடிக்கிறது. கூஸ் ஆகி ஆகி அதுவே சுபாவமாகிப்போன ஆள். ராயிஃபை அறிமுகப்படுத்த எனக்கு அந்தச் சொல் வேண்டும். 'மனம் நொந்தவர்' என்றால் மௌனம் இல்லை. 'ஒதுங்கியவர்' என்றால் கோபம் இல்லை. 'வெறுத்தவர்' என்றால் காத்திருப்பு இல்லை. 'முறுக்கிக்கொண்டவர்' என்று எழுதிப் பார்த்தேன், அம்மா எட்டிப் பார்த்து, "யாரு, உன் மாமனா?" என்று கேட்டார்.